பாதத்தில் ஒரு கூழாங்கல்

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. நடை என்பதே அவளிடம் கிடையாது, ஓட்டம்தான். அம்பிட்டிய மேட்டிலிருந்து கண்டிக்கு இறங்கும் பாதையில் எங்கள் வீடு. மழை இறங்கும் வேகத்தில் அவளும் இறங்குவாள். சித்திரை விடுமுறைக்கு ஹுன்னஸ்கிரியவில் என் மச்சான் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. தேயிலைச் சரிவில் இரண்டு கிழமை, பதினான்கு நாள். அடுத்த வருடம் பெரிய பிள்ளையாகிவிடுவாள், பிறகு வீட்டுப் படி இறங்க விடமாட்டார்கள். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. புறப்பட மிச்சமிருந்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண்ணிக்கை பதினாறில் நின்றபோது மதகுக் கல்லில் வழுக்கி விழுந்தாள். வலது பாதம் பேக்கரிப் பணிஸ் மாதிரி உப்பிவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

யாழ்ப்பாணத்து டொக்டர், கண்ணாடி மூக்கு நுனியில். ஈரம் சொட்டும் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தொங்கவிட்டார். பாதத்தின் உள்பக்கம், கணுவுக்குச் சற்றுக் கீழே, பயறளவு எலும்பொன்று கூட்டத்தைவிட்டுத் தனியாக நின்றது.

"துண்டொண்டு கழண்டு நிக்குது. முறிவு போலத்தான் கிடக்கு. ஆறு கிழமை மாக்கட்டு."

ஆறு கிழமை. விடுமுறை முழுதாகக் கரைந்துவிடும். மகள் அழவில்லை. ஜன்னலில் தொங்கிய தன் எலும்பையே பார்த்தாள். தாதி மாக்கட்டுக்குத் தண்ணீர்ப் பேசினைக் கொண்டுவந்து வைத்தாள்.

"டொக்டர், அந்த முண்டு வாப்பாட காலிலயும் இரிக்கி," என்றாள் மகள்.

"எந்த முண்டு, பிள்ளை?"

"அதே எடத்துல. அவர் உளூ செய்யக்குள்ள கெண்டியால தண்ணி ஊத்துறது நான்தானே. அஞ்சு நேரமும் பாக்கிறேன்."

உண்மைதான். தொழுகைக்கு முன் நான் கால் கழுவும்போது தண்ணீர் ஊற்றும் வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உள்பாதத்தில் புடைத்திருந்த அந்த முண்டு சப்பாத்து உரசி வந்தது என்றுதான் நான் நாற்பது வருடமாக நினைத்திருந்தேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "சப்பாத்தைக் கழட்டுங்கோ."

கழற்றினேன். காலுறையின் ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப்பார்த்தது. தாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. டொக்டர் குனிந்து என் பாதத்தைத் தடவினார். பிறகு மகளின் நல்ல காலைத் தடவினார். அங்கேயும் அது இருந்தது.

"ஓம். மற்றக் காலையும் படம் எடுப்பம்."

இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இடதிலும் அதே பயறு, அதே இடத்தில், கண்ணாடியில் பார்த்த மாதிரி.

"இஞ்ச பாருங்கோ," என்றார். "முறிஞ்ச எலும்பெண்டால் விளிம்பு உடைச்ச பப்படம் மாதிரி இருக்கும். இது ஆத்துக் கூழாங்கல். சுத்திவர வழுவழுப்பு. பிறவியிலேயே கூட வந்த எலும்பு, சில குடும்பங்களில இருக்கும். ரெண்டு காலையும் முதலே பாத்திருக்க வேணும், பிழை என்னுடையது." மகளிடம் திரும்பினார். "உனக்குச் சுளுக்குத்தான் பிள்ளை. பத்து நாள் துணிக்கட்டு. அதுவரைக்கும் ஓடப்படாது."

"பத்துன்டா பத்தா டொக்டர், ஒம்பதரையா?"

"பத்து."

"அப்ப சரி. ஆறு நாள் மிச்சம்."

மாக்கட்டுக்கு வைத்த தண்ணீரில் தாதி கைகழுவினாள்.

அந்தப் பத்து நாளும் மகள் கதிரையில் உட்கார்ந்தபடியே என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் அந்த முண்டில் கெண்டியின் மூக்கால் ஒரு தட்டு. "இது என்ட," என்பாள். அதுவரை என் மூக்கும் என் நிறமும் அவளுக்கு வாய்க்கவில்லை என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கூழாங்கல் போதுமாக இருந்தது.

ஹுன்னஸ்கிரியவில் லொறியிலிருந்து இறங்கியதும் அவள் நிற்கவில்லை. பனிக்குள் பாவாடை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் சரிவில் உருண்டது. "விழுந்திடுவா, புடிங்க," என்று மச்சான் கத்தினார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன், அவளைப் பிடிப்பதற்காகத்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டு.