நீலமாகவே நின்ற சீனி

பசுமலையில் மகள் படிக்கும் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவள் சூடாக்கிய சோதனைக் குழாயில் நீலக் கரைசல் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்தது. "குளுக்கோஸ்ல இருக்கிற ஆல்டிஹைடு பண்ற வேலைம்மா" என்றாள்.

எனக்கோ அந்த நிறங்கள் அப்பாவின் காலைப் பலகாரம். அவருக்குச் சர்க்கரை வியாதி. நான் சிறுமியாக இருந்தபோது, வாடிப்பட்டி வீட்டில் அம்மா தினமும் அவருடைய சிறுநீரில் சில சொட்டுகளை இதே கரைசலில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பாள். நீலமாகவே நின்றால் இட்லி. செங்கல் நிறமானால் கேப்பைக் கூழ்.

ஒருநாள் ஆர்வம் தாங்காமல் நான் சீனித் தண்ணீரை அதில் விட்டுக் கொதிக்க வைத்தேன். நீலம் மாறவே இல்லை! அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பாத்தியா தாயி! சீனி மேல ஒரு குத்தமும் இல்ல" என்று காப்பியில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் குடித்தார்.

மறுநாள் குழாய் செங்கலாகச் சிவந்தது. "அப்ப இது எங்கிருந்து வந்துச்சாம்?" என்று அம்மா கேட்டாள்.

அதே கேள்வியை இப்போது மகளிடம் கேட்டேன்.

"சீனியில அந்த ஆல்டிஹைடு பூட்டிக் கெடக்கும்மா. குடலுக்குள்ள போனதும் பூட்டு ஒடைஞ்சு குளுக்கோஸ் வெளிய வந்துரும்."

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

"அப்ப, கருப்பட்டி?" என்றார்.