பச்சை மரத்தில் ஒரு வளை

என் அண்ணிக்கு எங்கள் வீட்டில் கரையான் என்று பெயர். வைத்தது என் அம்மா. "உங்க அண்ணன் கட்டிக்கிட்டு வந்த கரையான் இன்னிக்கு எந்த மரத்தைத் தின்னுதோ, வந்து பாருடி" என்று என்னிடம் போனில் சொல்வாள், அண்ணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே. அண்ணிக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குக் கோபம். அண்ணியின் இடத்தில் நான் இருந்திருந்தால் என்றைக்கோ பாத்திரம் பறந்திருக்கும். அண்ணனோ வாயில்லாப் பூச்சி.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவார். மற்ற நேரமெல்லாம் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில்தான் இருப்பார். அங்கே ஒரு கடைசல் இயந்திரம், சுவரில் உளிகள், மூலையில் மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று தெருவில் வெட்டிப் போட்ட கிளைகள். அந்தக் கிளைகளிலிருந்துதான் நகை செய்கிறார். மர வளை என்றதும் கடைத்தெருவில் சாயம் பூசித் தொங்குமே, அது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் அந்த அறைக்குள் போனேன்.

அண்ணி அறை விளக்கை அணைத்திருந்தார். இயந்திரத்தில் ஈர மரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் குடைந்து, குடைந்த இடத்துக்குள் ஒரு சின்ன விளக்கை வைத்திருந்தார். வெளியே உளி ஓட ஓட, கறுப்பாக இருந்த மரம் சிவந்தது. பிறகு தணல் நிறம். பிறகு தேன் நிறம். "எங்க இருட்டா இருக்கோ அங்க இன்னும் கனம்னு அர்த்தம். சுத்தி ஒரே நிறம் வந்ததும் நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு இழை எடுத்தாலும் பொத்துக்கும்" என்றார். அடேயப்பா, மரத்துக்குள்ளே வெளிச்சம் போகுமா! நாலு விரல் அகலமுள்ள வளை, காகிதம்போல மெல்லிசாக, தனக்குள்ளே விளக்கெரிவதுபோல நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, இந்தக் கையைத்தானா நாம் இத்தனை நாள் சாதாரணமாக நினைத்தோம் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பச்சை மரமாதலால் காயும்போது அது நெளியும். அந்த நெளிவுதான் அழகு. முக்கால்வாசி வெடித்துவிடும், தப்பிப் பிழைத்ததை நகைக் கண்காட்சிக்கு அனுப்புவார். இதுவரை இரண்டு தடவை அனுப்பி, இரண்டு தடவையும் திரும்பி வந்தது. 'அழகுதான், ஆனால் யார் கைக்கும் சேரவில்லை; இது நகை இல்லை, கிண்ணம்' என்று சொல்லிவிட்டார்களாம். இதை அண்ணி என்னிடம் மட்டும்தான் சொன்னார். "அத்தைக்குத் தெரிய வேணாம். அவங்க சிரிப்பாங்க, என்னால தாங்க முடியாது" என்றார். மூன்றாவது முறை கேட்டதற்கு, கண்காட்சி நடத்தும் பெண்மணி தானே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். இதையும் வேண்டாமென்றால் இயந்திரத்தை விற்றுவிடுவது என்று அண்ணி முடிவு செய்திருந்தார்.

அந்தப் பெண்மணி வருவதற்கு முந்தின நாள் மதியம் நான் அம்மா வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. அம்மா நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வலது கையின் மேல் ஒரு துண்டு.

"என்னம்மா, கையில என்ன?"

"ஒண்ணுமில்லடி. நீ போய்ச் சாப்பிடு."

"எதைச் சாப்பிட? பானையையா?" துண்டை இழுத்தேன். தூக்கிவாரிப்போட்டது. அன்று காலையில் அண்ணி கடைந்து, அட்டைப்பெட்டியால் மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போன வளை அம்மாவின் மணிக்கட்டில் இருந்தது.

"தூசு தட்டத்தான் போனேன்" என்றாள் அம்மா, திருட்டு முழியோடு. பிறகு குரல் இறங்கியது. "ஜன்னல்கிட்ட தூக்கிப் பார்த்தேன். உள்ள ஏதோ எரியுற மாதிரி இருந்துச்சு. கையில போட்டா கையும் அப்படித் தெரியுமான்னு பார்த்தேன். இப்ப கழல மாட்டேங்குது."

ஈரத்தில் உள்ளே போனது, கையிலேயே காய்ந்து சுருங்கிவிட்டது. காலையிலிருந்து வெடித்துவிடுமோ என்று பயந்து, ஒரு நிமிஷம் உட்காராத என் அம்மா, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாளுக்கான வேலைக்காக அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணி வந்தார். பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அம்மாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்து, கையைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வளை மணிக்கட்டெலும்பின் மேல் மேடேறி, நரம்பு ஓடும் இடத்தில் பள்ளமாகி, கையோடு சேர்ந்து வளைந்திருந்தது.

"இத்தனை நாளா மரம் அது இஷ்டத்துக்குத்தான் வளைஞ்சுது அத்தை. இது உங்க கையைப் பார்த்து வளைஞ்சிருக்கு." என்றார் அண்ணி.

"நல்லா இருக்கோ இல்லையோ, வெட்டி எடு. தப்பு என்னுது" என்றாள் அம்மா. என் ஆயுசில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை.

அண்ணி வெட்டவில்லை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தார். மரம் ஊறி, நெகிழ்ந்து, மெல்லக் கழன்று வந்தது. ஆனால் மேடும் பள்ளமும் போய், பழையபடி வெறும் வட்டமாகிவிட்டது.

"போச்சா?" என்றாள் அம்மா.

"போச்சு அத்தை."

அம்மா கையை நீட்டினாள். "ஈரமாத்தானே இருக்கு? திரும்ப மாட்டு."

"சாயங்காலம் வரைக்கும் அசையாம இருக்கணுமே."

"காலையிலேர்ந்து பின்ன என்ன செஞ்சுகிட்டு இருந்தேனாம்? மாட்டுன்னா மாட்டு."

இந்தத் தடவை அண்ணி, வளை வழுக்கிக் கழலுவதற்காக, முதலில் அம்மாவின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டினார். கொஞ்ச நேரத்துக்கொரு தரம் வளையை அசைத்துப் பார்த்தார். நான் சமைத்து அம்மாவுக்கு ஊட்டிவிட்டேன்; உப்பு போதவில்லை என்று திட்டினாள், கை மட்டும் ஆடவில்லை. பொழுது சாயும் நேரம், முழுசாக இறுகுவதற்கு ஒரு பதம் முன்னால், அண்ணி உருவி எடுத்தார். மேடும் பள்ளமும் அப்படியே இருந்தன. எங்கும் கீறல் இல்லை. அண்ணி அதை விளக்கருகே கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டினார்.

மறுநாள் கண்காட்சிப் பெண்மணி வந்தார். வளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யார் கை?" என்று கேட்டார்.

அண்ணி கூப்பிட, அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நீட்டினாள். மெல்ல அழுத்தியதும் வளை ஏறி உட்கார்ந்துகொண்டது. வந்தவர் குனிந்து, அம்மாவின் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

அம்மாவுக்குப் பொறுமை ஏது? "இங்க பாருங்கம்மா. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க. ரெண்டு தடவையும் இந்தப் பொண்ணு குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதுச்சு. மூணாவது தடவையும் அனுப்பினீங்க, நானே நேர்ல வந்துடுவேன்."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"அனுப்ப மாட்டோம்மா" என்றார் வந்தவர். "பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன், இப்ப எடுத்துட்டே போறேன். கழட்டிக் கொடுங்க."

"இருங்க" என்று அம்மா ஜன்னலுக்குப் போய் வெயிலில் கையைத் தூக்கிப் பிடித்தாள். வளை தேன் நிறத்தில் எரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.