அரியாங்குப்பம் ஆற்றில் அட்டை கட்டாத செடிகள்

2008 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி போனேன். அப்பா இறந்து வருஷம் திரும்பியிருந்தது. அவர் பெயரில் கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கித் தரலாம் என்றான் அண்ணன். 'உபயம்' என்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பெயரை எழுதிவிட்டால் வெளிச்சம் எந்த வழியாக வரும் என்று கேட்டு அவனோடு சண்டை போட்டேன். அந்தச் சமயத்தில்தான் அலுவலகத் தோழி ஒரு ஜெராக்ஸ் நோட்டீஸைக் கொடுத்தாள். அரியாங்குப்பம் ஆற்றில் அலையாத்திச் செடி நடுகிறார்கள். செடிக்கு நூறு ரூபாய். வசூலாகும் பணத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போய் ஆற்றையும் சதுப்பையும் காட்டிப் பாடம் நடத்துவார்கள். நட்ட செடியில் நாம் சொல்லும் பெயரை அட்டையில் எழுதிக் கட்டுவார்கள். மூன்று செடிக்குப் பணம் அனுப்பினேன். ட்யூப்லைட்டைக் கிண்டல் செய்தவள் அட்டைக்கு மயங்கிவிட்டேன் என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

கோயம்பேட்டில் காலை நாலரை மணி பஸ், கிழக்குக் கடற்கரைச் சாலை வழி. டிக்கெட் 65 ரூபாய். எட்டேகாலுக்குப் புதுச்சேரி. இரண்டு இட்லி விழுங்கிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். கடலூர் சாலையில் நாலு கிலோமீட்டர், மூன்று ரூபாய். பாலம் தாண்டி இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் படகுத்துறை. ஒன்பதுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் எட்டு ஐம்பதுக்கே நின்றேன். நேரம் தவறுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அங்கே இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் கலைச்செல்வி, உள்ளூர்ப் பள்ளியின் அறிவியல் டீச்சர், இந்த வசூலை நடத்துபவர். இன்னொருவர் படகுக்காரர் ஏழுமலை. இருவரும் தணிந்த குரலில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் டீச்சர் கையிலிருந்த, பெயர் அட்டைகள் போட்ட பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஏதோ சரியில்லை என்று அப்போதே பட்டது.

மற்றவர்களைக் காணோம். நன்கொடை கொடுத்த இருபது பேர் வேனில் வர வேண்டும். நடுவதற்கு முன் கற்பூரம் காட்ட வேண்டும் என்று யாரோ சொல்ல, பூவும் பழமும் வாங்கப் பெரிய மார்க்கெட்டில் வேனை நிறுத்திவிட்டார்களாம். ஏழுமலை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்தரைக்கு மேல கடல் தண்ணி உள்ள ஏறும் மேடம். சேறு முங்கிடுச்சுன்னா நட முடியாது" என்றார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். டீச்சர் பதில் சொன்னார்: "முந்நூறு செடி வந்து காத்திருக்கு, தள்ளிப்போட்டா வாடிடும். போன வருஷமும் முந்நூறு நட்டோம். பதினொண்ணுதான் நின்னுச்சு. காசு குடுத்த பெத்தவங்க, எங்க காசு எங்க போச்சுன்னு கேக்கறாங்க. இந்த வாட்டியும் போச்சுன்னா படகுப் பாடத்தை மூடிட வேண்டியதுதான். அப்புறம் ஒருத்தரும் அஞ்சு ரூபா தரமாட்டாங்க."

வேன் ஒன்பது ஐம்பதுக்கு வந்தது. முதலில் இறங்கியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் புதுச்சேரித் தமிழர், எழுபது வயதிருக்கும். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்று கூப்பிட்டார்கள். காலமான மனைவி பெயரில் ஐம்பது செடி வாங்கியிருந்தார். போன வருஷமும் அதே ஐம்பது. இரண்டு படகில் இருபது நிமிஷம் போய், ஆற்று நடுவில் இருந்த சேற்றுத் திட்டில் இறங்கினோம். முழங்கால் வரை புதைந்தது. ஒரு காலை எடுத்தால் இன்னொரு கால் உள்ளே போனது. பத்தே கால்.

செடிகளைக் கையில் கொடுத்தார்கள். "அட்டை எங்க?" என்று முசியே கேட்டார். கடைசியில் கட்டலாம் என்று டீச்சர் மழுப்பினார். முகமெல்லாம் வியர்வை. நான் குனிந்து குழி தோண்டினேன். விரலில் நைலான் கயிறு சிக்கியது. இழுத்தேன். பாசி, கிழிந்த வலை, பிளாஸ்டிக் பை எல்லாம் பந்தாகச் சுற்றிய ஒரு காய்ந்த குச்சி வேரோடு வந்தது. நடுவில் லேமினேட் செய்த அட்டை. எனக்கு வாய் சும்மா இருக்காது. "லூர்து மேரி" என்று உரக்கப் படித்துவிட்டேன்.

முசியே சேற்றில் தள்ளாடிக்கொண்டு வந்து அதை வாங்கினார். அவருடைய மனைவி பெயர். டீச்சர் வெளுத்துப் போனார்.

"இது எப்படிச் செத்துச்சு?" என்றார் முசியே.

ஏழுமலைதான் சொன்னார். "அட்டைதாங்க. தண்ணி ஏறக்கொள்ள கயித்துல குப்பை மாட்டுது. எறங்கக்கொள்ள குப்பை செடிய இழுத்துகினு போவுது. நின்ன பதினொண்ணும் அட்டை அவுந்து போனது."

"இவர் சொல்லி எனக்கே போன வாரந்தான் தெரியும்" என்றார் டீச்சர். "அதுக்குள்ள எல்லாரும் அட்டைக்குன்னு காசு குடுத்துட்டீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பின்னாலிருந்து ஒருவர், பெயர் இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் பையில் அப்பாவின் போட்டோ இருந்தது, அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்து அம்மாவிடம் காட்ட. வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? திட்டின் ஓரம் தண்ணீருக்குள் போக ஆரம்பித்துவிட்டது. "ஏறிகினு வருதுங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்றார் ஏழுமலை. எல்லோரும் முசியேவைப் பார்த்தோம். ஐம்பது செடிக்காரர் அவர்தானே.

அவர் அட்டையைச் சட்டையில் துடைத்தார். பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "ரெண்டு வாட்டி அவள சாவடிக்க முடியாது" என்றார். "செடிய குடு."

அதற்குப் பிறகு யாரும் கற்பூரத்தைத் தேடவில்லை. முப்பத்தைந்து நிமிஷம், முதுகு நிமிராமல் நட்டோம். கடைசி வரிசையில் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவித்தான் குழி தோண்டினோம். முந்நூறும் முடிந்தது. கரைக்கு வந்ததும் பணம் கேட்டவர் மறுபடி கேட்டார். டீச்சர் எண்ணிக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் வற்றும் நேரத்தை முந்தின நாளே படகுக்காரரிடம் கேளுங்கள். பழைய பேண்ட், மாற்றுத் துணி அவசியம். செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். நான் ஒரு ஜோடியை ஆற்றுக்குத் தந்திருக்கிறேன். படகுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய், வேன் இல்லாவிட்டால் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ நாற்பது. பூ வாங்குவதென்றால் திரும்பும்போது வாங்குங்கள்.

மழை முடிந்து ஜனவரியில் அம்மாவைக் கூட்டிப் போனேன். படகில் டீச்சரும் பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். திட்டு முழுக்கப் பச்சையாக இருந்தது. அங்கங்கே சில இடைவெளிகள், அவ்வளவுதான். அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"இதுல அப்பாவோடது எதுடி?"

"தெரியலம்மா."

அம்மா ஏழுமலையிடம் திரும்பி, "அப்ப ஒரு சுத்து சுத்தி வாப்பா, எல்லாத்தையும் பாத்துட்டுப் போறேன்" என்றாள்.