கம்ப்யூட்டருக்குள் ஒரு சாக்கடை

எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. அது இருந்த குளிரூட்டிய அறைக்குள் அதை இயக்கும் குமாஸ்தா யாரையும் செருப்போடு விடமாட்டார். ஒல்லியான மனிதர், கசங்காத வெள்ளைச் சட்டை. எதைக் கேட்டாலும் கைக்குட்டையால் ஒருமுறை திரையைத் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எங்கள் வீதியில் சாக்கடை கிடையாது. பட்டறைகள் விடுகிற சாயத்தண்ணீர் வாசலிலேயே தேங்கி நிற்கும். அதில் இறங்கி வந்ததால் கணுக்கால்வரை எனக்குச் சிவப்பு.

"எங்க வீதிக்குச் சாக்கடை எப்பத்தானுங்க கட்டுவீங்க?"

துடைத்தார், பார்த்தார்.

"கட்டி முடிச்சாச்சுன்னு வருதுங்களே. பணமும் பட்டுவாடா ஆயிருச்சுங்க. மறுக்கா நிதி கேட்டா சிஸ்டம் ஒத்துக்காதுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதைப் பாக்காதீங்க. என் காலைப் பாருங்க!"

பார்த்தார். கதவிலிருந்து மேசைவரை வெள்ளைத் தரையில் சிவப்புக் கால்தடங்கள். பதறி எழுந்து, அதே கைக்குட்டையோடு குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, காலைக் கழுவிட்டு வந்திருக்கக் கூடாதுங்களா?"

எவ்வளவு மரியாதை! அந்த 'ங்க'வை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது.