காய் வடித்த தண்ணீர்

ஜகதாம்பாளின் கைப்பையில் எப்போதும் நாலைந்து எறும்புகள் குடியிருக்கும். பஸ்ஸில் சில்லறைக்காகக் கையை விட்டால் விரல் வழியாக ஏறி மணிக்கட்டுக்கு வந்துவிடும். அவள் பதறமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஊதிவிட்டு, "போங்கோ, சாப்பிட்டது போறும்" என்பாள். காளிகாட்டிலிருந்து கார்டன் ரீச்சுக்கு அதே பஸ்ஸில் தினம் போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

எறும்பு வராமல் என்ன செய்யும்? பையின் உள்ளறையில் காகிதத்தில் சுற்றிய சந்தேஷ் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் தேங்காய் உருண்டை. கல்கத்தாவில் ஒரு வீட்டுக்குள் போய்விட்டு இனிப்புச் சாப்பிடாமல் திரும்ப முடியாது. வேண்டாம் என்று சொன்னால் இரண்டாக வைப்பார்கள். மறுபடியும் வேண்டாம் என்றால் என்ன கோபம் என்று கேட்பார்கள். அதனால் ஜகதாம்பாள் சிரித்த முகமாகத் தட்டை வாங்கிக்கொள்வாள். "கொஞ்சம் தண்ணி" என்பாள். வீட்டுக்காரி தண்ணீருக்காக உள்ளே போன நேரத்தில் இனிப்பு பைக்குள் போய்விடும். மறுநாள் ரயில்வே தலைமை அலுவலகத்தில், அவள் சூப்பரின்டென்டென்டாக இருந்த சம்பளப் பிரிவில், யாராவது ஒருவர் அதைச் சாப்பிடுவார். அந்த வருஷம் அவள் உடம்பு இளைக்க இளைக்க, பிரிவில் மற்றவர்கள் பெருத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த வருஷம் என்பது இரண்டாயிரத்து மூன்று. ஜகதாம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது, எண்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கணவர் சந்தானம் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் வேலையை விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். திரும்பி வரும்போது டாக்ஸியிலிருந்து வாசல் வரைக்கும் நடக்கவே அவருக்குத் தெம்பு இருக்காது. மகள் ஸ்மிதாவின் ரத்த வகை ஒத்துவரவில்லை. ஜகதாம்பாளுடையது ஒத்தது. ஆனால் பெரிய டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த எடையோடும் எல்லையில் நிற்கிற இந்தச் சர்க்கரையோடும் உங்களிடமிருந்து ஒன்றை எடுத்தால் நாளைக்கு நீங்களும் இந்தக் கட்டிலுக்கு வருவீர்கள், முதலில் இரண்டையும் இறக்கிவிட்டு வாருங்கள் என்றார்.

சந்தானம் அன்று ராத்திரியே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "எனக்கு வேண்டாம் ஜகதா. உன்னை அறுத்து நான் உயிர் வாழ வேண்டாம்."

"உங்களை யார் கேட்டா? இது என் உடம்பு. எனக்குப் பெருத்துப்போச்சு, இளைக்கப்போறேன். அவ்வளவுதான்."

மறுநாள் காலையிலிருந்து அவள் தட்டில் சோறு இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த உணவு ஆலோசகர் ஒரு கிண்ணம் சாதமும் இரண்டு ரொட்டியும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்லியிருந்தாள். ஜகதாம்பாளுக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. "ஒரு கிண்ணம் சாதம் ஒரு கிண்ணத்தோட நிக்குமோ? ரசம் விட்டா இன்னொரு கிண்ணம் கேக்கும், மோர் விட்டா அதுக்கு ஒண்ணு. வாசலோடயே திருப்பி அனுப்பிடறது நல்லது." இட்லி, தோசை, உருளைக்கிழங்கு, பொட்டலத்தில் வருகிற பொரி, எல்லாவற்றையும் அப்படியே வாசலோடு அனுப்பிவிட்டாள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைவச் சமையல்காரி சோற்றை விட்டால் எதைத்தான் சாப்பிடுவாள்? அவளைக் காப்பாற்றியது தெருமுனை மிட்டாய்க்கடை. இனிப்புக்காகப் பாலைத் திரித்து வைத்திருக்கும் சானாவை, சர்க்கரை சேர்ப்பதற்கு முன்பே, காலையில் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். கடைக்காரர் முதல் வாரம் பரிதாபப்பட்டார், இரண்டாவது வாரம் அவமானப்பட்டார். தன் கடைச் சரக்கில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்கிற ஒரு ஜீவனை அவர் அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சானாவை உதிர்த்துக் கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அதற்கு உப்புமா என்று பெயர் வைத்தாள். முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி வேகவைத்து அதன்மேல் சாம்பாரை ஊற்றி, அதைச் சாதம் என்று அழைத்தாள். "பேர் மட்டும் மாத்தப்படாது. பேர் இருந்தாத்தான் நாக்கு ஏமாறும்" என்பாள். நாக்கு ஏமாந்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்தச் சமையலறையில் ஒரே அடுப்பில் இரண்டு எதிரெதிர்ச் சமையல் நடந்தது. சந்தானத்துக்குச் சோறு ஆகும். காயில் இருக்கிற சத்து ஆகாது. பூசணியோ புடலையோ எதுவானாலும் சிறிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் அவருக்குப் போட வேண்டும். அவர் சிறுநீரகத்தால் தாங்க முடியாத உப்புகள் அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஜகதாம்பாள் வடிப்பாள், ஆனால் கொட்டமாட்டாள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, மிளகுப்பொடி தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று குடித்துவிடுவாள். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர்.

"அதைப் போய் ஏன் குடிக்கறே? என் எச்சத்தண்ணி மாதிரி இருக்கு" என்பார் சந்தானம்.

"உங்களுக்கு ஆகாதது எனக்கு ஆகும். நீங்க சாப்பிடற சாதம் எனக்கு ஆகாது. ரெண்டு பேருமாச் சேந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிடறோமோல்லியோ" என்பாள் அவள். சந்தானம் சக்கையைப் பிசைய ஆரம்பித்துவிடுவார்.

இத்தனைக்கும் இது எதற்காக என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது. நடக்கிறதுக்கு முன்னால் வாயைத் திறந்தால் நடக்காது என்று அவளுக்கு ஒரு பயம். அதனால் ஊர் தனக்குத் தோன்றியதைப் பேசியது. அலுவலகத்தில் அவளை ஹீரோயின் தீதி, அதாவது ஹீரோயின் அக்கா என்றார்கள். சுடிதார் போட்டுக்கொண்டு வரப்போகிறாள் என்று ஒருவன் பந்தயம் கட்டினான். எதிர்வீட்டு அம்மாளை இவள் அண்ணி முறை வைத்து பௌதி என்றுதான் கூப்பிடுவாள். அந்த பௌதி ஒருநாள் தான் கொடுத்த சந்தேஷ் ஜகதாம்பாளின் பைக்குள் போவதை ஜன்னல் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் இனிப்பு கொடுத்தனுப்புவது நின்றுபோயிற்று. இருபது வருஷத்துப் பழக்கம். ஜகதாம்பாளுக்கு அது உள்ளே குத்தியது; என்றாலும் வாயைத் திறக்கவில்லை. மனவுறுதி என்று எதையெதையோ சொல்கிறார்கள். காரியம் முடிகிற வரைக்கும் அழகுக்கு அலைகிறவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாளே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் எடை மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளிடம் வெள்ளிக்கிழமைதோறும் நிற்பாள். செருப்பைக் கழற்றுவாள், பையைக் கீழே வைப்பாள், மூக்குக்கண்ணாடியையும் கழற்றிப் பைமேல் வைப்பாள். கழற்றியபின் முள் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஆள்தான் படித்துச் சொல்ல வேண்டும். துர்க்கை பூஜைக்கு முன்னால் அவன் அறுபத்தைந்து என்று சொன்னபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை ஏறிப் பார்த்தாள்.

பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிற பரிசோதனை. அதற்கு முன்னால் மூன்று நாள் எல்லோரையும்போல் சோறு, ரொட்டி சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் தெளிவாகச் சொன்னார்கள். சரி சரி என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள். வைத்த கையோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த சானாவையும் பாதியாகக் குறைத்தாள். "பரீட்சைக்கு முந்தின நாள் புஸ்தகத்தை மூடுன்னா யாராவது மூடுவாளோ?" என்று சந்தானத்திடம் கேட்டாள். இத்தனை மாசம் கட்டிக்காத்தவள் கடைசி மூன்று நாளில் தோற்பதாக இல்லை.

தோற்றுத்தான் போனாள். முதலில் எடுத்ததைவிடச் சர்க்கரை அதிகமாக வந்தது.

டாக்டர் தாளை இரண்டு தடவை படித்தார். எடை இவ்வளவு குறைந்திருக்கிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இருக்கிறது, இது மட்டும் ஏன் இப்படி என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். "டாக்டர், ஒன்பது மாசமா ஒரு பருக்கை தொடலை. நேத்துகூட வெறும் வெள்ளரிக்காய்தான்" என்றாள் ஜகதாம்பாள், அவளுக்குத் தெரிந்த வங்காளத்தில். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். மாதக்கணக்கில் மாவுச்சத்தே பார்க்காத உடம்புக்குத் திடீரென்று ஒரு டம்ளர் சர்க்கரையை ஊற்றினால் அது திணறத்தான் செய்யும், அதற்காகத்தான் மூன்று நாள் சாப்பிடச் சொன்னோம் என்றார். பூஜை விடுமுறை முடிந்ததும் மறுபடியும் வாருங்கள்; இந்தத் தடவை சொன்னதைச் செய்யுங்கள் என்று அனுப்பினார்.

ஒன்பது மாசத்துக்கு முன்னால் சோற்றை விட ஒரே நாளில் தைரியம் வந்தவளுக்கு, அதைத் தொடுவதற்கு வரவில்லை. இலையைப் போட்டு உட்கார்ந்தவள் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தானம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கரண்டியை எடுத்து அவரே பரிமாறினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வீட்டில் கரண்டி பிடித்தது அதுதான் முதல் தடவை. சோறு பாதி இலைக்கு வெளியே விழுந்தது.

"சாப்பிடு ஜகதா."

"பயமா இருக்குன்னா. எல்லாம் போயிடுமோன்னு இருக்கு. அப்புறம் உங்களுக்கு யார் குடுப்பா?"

"டாக்டர் சொன்னதைக் கேக்காம ஒரு தடவை கெடுத்துண்டாச்சு. எனக்கு வேணும், ஜகதா. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசைப்படறேன். எனக்காகச் சாப்பிடு."

அதுவரைக்கும் வேண்டாம் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத மனுஷர். ஜகதாம்பாள் ரசத்தைப் பிசைந்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

அந்த மூன்று நாளில் பிஜயாவும் வந்தது. துர்க்கையை ஆற்றில் கரைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை வணங்கி, கட்டித் தழுவி, இனிப்புச் சாப்பிடுகிற நாட்கள். ஜகதாம்பாள் எதிர்வீட்டுக்குப் போனாள். பௌதி மரியாதைக்கு ஒரு தேங்காய் உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "தண்ணி கொண்டு வரேன்" என்று பாதி வேண்டுமென்றே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பை திறந்திருக்கவில்லை. ஜகதாம்பாளின் கன்னம் புடைத்திருந்தது. மென்று முடித்துவிட்டு, பௌதியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பௌதி கேட்டு முடிக்கவில்லை, அழுதுவிட்டாள். அழுதுகொண்டே இன்னொன்றை எடுத்து, "எக்டா காவோ, தீதி", ஒன்று சாப்பிடு அக்கா என்று வாய்க்கு நேரே நீட்டினாள். ஒன்று போதும் என்று ஜகதாம்பாள் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

இரண்டாவது பரிசோதனையில் எல்லாம் எல்லைக்குள் இருந்தது. மார்கழியில் அறுவை சிகிச்சை நடந்தது. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அடுத்தடுத்த அறை. நர்ஸ் வந்து, உங்கள் சிறுநீரகம் அவருக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னபோது, ஜகதாம்பாள், "அது சோம்பேறித்தனம் பண்ணாது, என்னோடதாச்சே" என்றாளாம்.

இப்போதும் அவள் தட்டில் சோறு ஒரு பிடிதான். மிச்சமிருக்கிற ஒன்றை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்கிறாள். பையில் எறும்பு இன்னும் இருக்கிறது. அலுவலகத்தில் ஹீரோயின் என்று யாரும் கேலி செய்வதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அறுவைக்குப் பிறகு சில மாசம் கழித்து, சந்தானத்தின் ரத்தம் நன்றாகவே இருக்கிறது, இனி எல்லோரையும்போல் காய் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். அன்று அவள் பூசணிக்கூட்டு வைத்தாள். பூசணி வெந்து குழைந்தது. பழக்க தோஷம், இடது கை எவர்சில்வர் டம்ளரை எடுத்து அடுப்படியில் வைத்தது. வலது கை தட்டால் பாத்திரத்தை மூடிச் சாய்த்தது. முதல் சொட்டு டம்ளரில் விழுந்தபோது கை நின்றது. கூடத்தில் சந்தானம் இலையைப் போட்டுக்கொண்டு, "ஆச்சா?" என்று கேட்டார். ஜகதாம்பாள் பாத்திரத்தை நிமிர்த்தினாள். டம்ளரில் விழுந்த அந்தச் சொட்டுகளையும் கூட்டிலேயே கவிழ்த்துவிட்டு, டம்ளரைக் கழுவி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.