கொளுத்திய மருந்து

நேற்று நகைக்கடையில் விற்பனையாளர் செல்போனில் பேசிக்கொண்டே மனைவியின் சங்கிலியை எடை போட்டார். “போனை வைங்க முதல்ல!” என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. மனைவி என் கையைக் கிள்ளினாள். அரை கிராம் தங்கத்துக்காக வந்த கோபமில்லை அது, நண்பரே.

எடை போடும்போது வாய் திறக்கக் கூடாது என்பது செல்லையா வைத்த சட்டம். எழுபதுகளின் கடைசியில், துபாய் அல் கூஸில் எங்கள் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் அவன் லேத் ஆப்பரேட்டர், நான் ஸ்டோர் கிளார்க். ரூமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மேனேஜர் வெள்ளைக்காரர், வெள்ளிக்கிழமைகளில் கிளப்பில் ரைஃபிள் சுடுவார். கடைத் தோட்டா அவருக்குச் சரிப்படாது. சுட்ட பித்தளைக் கூடுகளில் செல்லையா மறுபடி வெடிமருந்து நிரப்பித் தர வேண்டும். நான் எடுபிடி. பி.காம். படித்துவிட்டு, அடுத்தவர் பொழுதுபோக்குக்குக் கூடு துடைத்தேன்.

செல்லையா ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தைத் தனியாக நிறுப்பான். குண்டைப் பொருத்துமுன் எல்லாக் கூடுகளுக்குள்ளும் டார்ச் அடித்து, மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பான். மேஜையில் ஒரு டப்பாவுக்கு மேல் இருக்கவே கூடாது. ரைஃபிள் மருந்தும் பிஸ்டல் மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். பிஸ்டல் மருந்து சடாரென்று எரியும். அது ரைஃபிளுக்குள் போனால் சுடுகிறவர் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இரும்பு பிளக்கும்.

ஒரு வியாழக்கிழமை அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது மேனேஜர் வந்து, அவசர அவசரமாக நாலு பிஸ்டல் தோட்டாவுக்குத் தானே மருந்து நிரப்பினார். தட்டில் மிஞ்சிய மருந்தை ரைஃபிள் டப்பாவில் கொட்டிவிட்டுப் போனார். செல்லையா வந்ததும் சொன்னேன்.

“அண்ணே, கண்ணால பாத்தீகளா?”

“பாத்தேன்டா.”

டப்பாவை வெளியே கொண்டுபோய், மருந்தை மணலில் மெல்லிசாகத் தூவி, தள்ளி நின்று கொளுத்திவிட்டான்.

மேனேஜர் குதித்தார். கப்பலில் வரவழைத்த மருந்தாம், திமிரெடுத்து நாசம் செய்தானாம். “சாப், மிக்ஸ் ஹோ கயா. ஆங்க் ஜாயேகா” என்று செல்லையா, மருந்து கலந்துபோச்சு, கண்ணே போயிடும் என்பதைத் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி, தன் கண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நான் கலந்ததை நீ பார்த்தாயா?” என்று கேட்டார்.

என் விசா அவர் கையில், தங்கை கல்யாணம் என் தலையில். “தராசைப் பாத்துட்டிருந்தேன் ஸார்” என்றேன்.

“கலாஸ்”, முடிந்தது, என்றார் மேனேஜர். அரபியில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். மறுநாள் யாரிடமோ வாங்கிய தோட்டாவில் சுட்டு, போட்டியில் ஜெயித்த கோப்பையோடு வந்தார். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன, பாவி மனுஷனுக்கு.

நாலாம் நாள் செல்லையாவுக்கு வேலை போய், ஊருக்கு டிக்கெட். “நீங்க பாத்தேன்னு சொன்னதாலதானண்ணே கொளுத்துனேன்?” என்று மட்டும் கேட்டான். நான் குனிந்து அவன் பெட்டிக்குக் கயிறு கட்டினேன். அந்த மேனேஜரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. என்னை நினைத்தால் அதைவிட.

அந்த ஒர்க்‌ஷாப் இப்போது இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். மேனேஜர் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. நான் கட்டிக் காத்த விசாவும் என்றைக்கோ முடிந்துபோனது. பரமக்குடிப் பக்கம் என்பது தவிர, செல்லையாவின் ஊர்ப் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பார்த்தேன் என்று இப்போது எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்வேன். கேட்க வேண்டிய இரண்டு பேரும் இல்லை.