குளியலறை விளக்கின் சுவிட்ச்

கணவருக்கு மாற்றலாகி, மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த அரியூர் நாட்டுக்குக் குடிவந்த அன்றே வீட்டுக்கார அம்மா ஒரு விதி சொன்னார். முற்றத்துக் குளியலறையில் வேலை முடிந்ததும் பல்பைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். விட்டுவைத்தால் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் நான். ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, அரிசி டப்பாவின் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சுவிட்ச் அணைந்தே இருந்தது. பல்பை மாட்டப் போனபோது ஈரவிரல் ஹோல்டருக்குள் பட்டதும் ஷாக் கையைத் தோள்வரை உதறித் தள்ளியது. குளிரில் கை விறைத்திருக்கும் என்றார் கணவர். அதையும் நான் அரைநாள் நம்பினேன் என்பதுதான் இன்னும் எரிச்சல். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் இருந்தால் எரியும் டெஸ்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன். எரிந்தது. நான்தான் தவறாக வைக்கிறேனோ என்று மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் எரிந்தது.

ஹோல்டர் இருப்பது என் மார்பளவு உயரத்தில். என் மகளுக்கு மூன்று வயது. கவிழ்த்த வாளியைக் கண்டால் ஏறி நிற்பாள். ஓட்டையைக் கண்டால் விரலை விடுவாள்.

வயரிங் செய்தவர் திண்ணனூர் நாட்டுக்காரர். போன் செய்தபோதெல்லாம் "வாரேனுங்க" என்றார். நாலாம் நாள் வந்தார். பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டு அணைத்துக் காட்டினார்.

"நல்லாத்தானுங்க இருக்குது, அம்மணி."

சுவிட்ச் மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் இருக்க வேண்டும், நீங்கள் அது திரும்பிப் போகும் நியூட்ரலில் வைத்திருக்கிறீர்கள் என்றேன். எதில் வைத்தால் என்ன, எங்கே அறுத்தாலும் விளக்கு அணையும், பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் படிக்கவில்லையா என்று கேட்டார்.

படித்திருக்கிறேன். அதுதான் தொல்லை. மின்கலமும் விளக்கும் வரைந்து, சாவியை விளக்கின் எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் அந்தப் படத்தில் யாரும் ஈரக்கையோடு நிற்கவில்லை. இங்கே நியூட்ரலை அறுத்தால் விளக்கு அணையும், ஃபேஸ் மட்டும் ஹோல்டர்வரை வந்து காத்திருக்கும். விளக்கிச் சொல்லச் சொல்ல என் குரல்தான் கெஞ்சலாகிக்கொண்டே போனது.

வீட்டுக்கார அம்மா சமாதானம் செய்ய வந்தார். "வெறுங்கையில தொட்டா சுருக்குன்னு கடிக்கத்தான் செய்யும், கண்ணு. நாங்க துண்டச் சுத்தித்தான் கழட்டுவோம்."

துண்டு! அவர் துண்டோடு கழற்றுவதைப் பார்த்தபோதெல்லாம், பல்பு சுடும் என்பதற்காக என்றல்லவா நினைத்திருந்தேன். கடிக்கும் என்பது தெரிந்திருக்கிறது. அதற்கும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். என்னிடம் குரங்கை மட்டும் சொல்லியிருக்கிறார்.

நான் பல்பைக் கழற்றிவிட்டு வயரிங்காரரிடம் திரும்பினேன். "சுவிட்ச் ஆஃப்லதானுங்க இருக்கு. உங்க விரல உள்ள வெய்யுங்க, பார்க்கலாம்."

அவர் ஹோல்டரைப் பார்த்தார். வாளியின் மேல் ஏறிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். பிறகு, மெயினை அணைக்கச் சொன்னார்.

கூரைக்கடியில் இணைப்பைப் பிரித்து இரண்டு வயர்களையும் இடம் மாற்றிச் சுற்றப் பத்து நிமிடம் ஆகவில்லை. மெயினைப் போட்டு, சுவிட்சை அணைத்து, டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. டெஸ்டர்தான் கெட்டுவிட்டதோ என்று சுவிட்சைப் போட்டும் பார்த்தேன். எரிந்தது. நிம்மதியாக இருந்தது.

கிளம்பும்போது அவர் முணுமுணுத்தார். சேந்தமங்கலத்துக் கடையில் அன்றைக்குக் கறுப்பு வயர் மட்டும்தான் கிடைத்ததாம். ரெண்டும் கறுப்பாக இருந்தால் எது எதென்று யார் கண்டார்கள். முன்வீட்டுக்கும் அதே வயர்தானாம்.

முன்வீடு வீட்டுக்கார அம்மாவுடையது. மதியமெல்லாம் என் மகள் விளையாடுவது அங்கேதான்.

அவர் வண்டியைக் கிளப்பியிருந்தார். நிறுத்திவிட்டு வாங்க என்று சொல்லி, டெஸ்டரோடு நான் முன்னால் நடந்தேன்.